மியாமியைச் சூழும் கடல்: சண்டையை விட்டு ஒன்று சேர்ந்த 4 கவுண்டிகள்!

மழை இல்லை. புயல் இல்லை. வானம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்!

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள மியாமி பீச் நகரத்துக்காரர்கள் பல வருஷங்களாகப் பார்த்து வரும் காட்சி இது.

2016 நவம்பரில் அங்கே ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் புகுந்தது. காலையில் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். தரையில் கிடந்தது ஒரு ஆக்டோபஸ்! கடலில் இருந்து வடிகால் குழாய் வழியாக அது உள்ளே வந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் படம் உலகம் பூராவும் சுற்றியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடல் தெருவுக்கு வந்தால் செலவு யார் தலையில்? எந்தத் தெருவை முதலில் காப்பாற்றுவது? பக்கத்து ஊர்க்காரன் சும்மா இருந்தால் நம்ம ஊர் போட்ட பணம் என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட 4 உள்ளூர் நிர்வாகங்கள் ஒன்று சேர்ந்தன. அதுவரை தனித்தனியாகக் கையேந்தியவர்கள், ஒரே குரலில் கேட்க ஆரம்பித்தார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் இந்த 4 பேர்?

புளோரிடாவின் தென்கிழக்குக் கரையில் வடக்கில் இருந்து தெற்காக 4 கவுண்டிகள் இருக்கின்றன. பாம் பீச், ப்ரோவர்ட், மியாமி-டேட், மன்றோ.

கவுண்டி என்பது நம்ம ஊர் ஜில்லா மாதிரி. ஆனால் கலெக்டர் கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் நிர்வாகம் பண்ணுகிறார்கள். கவுண்டிக்குள் நகரசபைகள் தனியாக உண்டு. அவற்றுக்கு மேயர்களும் உண்டு. 4 கவுண்டியிலும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட நகரசபைகள்!

2020ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இந்த 4 கவுண்டிகளில் வசிப்பவர்கள் சுமார் 62 லட்சம் பேர். புளோரிடா ஜனங்களில் பத்துக்கு மூன்று பேர் இங்கேதான்.

இதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. மியாமி-டேடில் 27 லட்சம் பேர். மன்றோவில் 1 லட்சம்கூட இல்லை. மன்றோ ஜனங்களில் பெரும்பாலானவர்கள் வசிப்பது கடலுக்குள் நீண்டு கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகளில். ஜனம் குறைவு; ஆபத்து அதிகம்.

சுவர் கட்டினால் போதாதா?

போதாது!

அந்தப் பிரதேசத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கரையில் எவ்வளவு பெரிய சுவர் எழுப்பினாலும் கடல் நீர் பாறைக்குள் ஊடுருவி, தரைக்கு அடியில் இருந்து மேலே வரும்.

குடிதண்ணீரும் அதே பாறைக்குள்தான் ஊறிக் கிடக்கிறது. கடல் உள்ளே வர வர, நல்ல தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ப்ரோவர்ட் கவுண்டியில் உள்ள ஹாலண்டேல் பீச் என்ற சின்ன நகரம், தன்னுடைய 8 குடிநீர்க் கிணறுகளில் 6 கிணறுகளைக் கைவிட நேர்ந்தது.

கால்வாய்க் கதை இன்னும் மோசம். 1947ம் ஆண்டு அந்தப் பகுதியில் பெரும் வெள்ளம். அடுத்த வருஷமே அமெரிக்க மத்திய சர்க்கார் பெரிய கால்வாய்த் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. மழை வெள்ளம் கால்வாயில் ஓடி, மதகு வழியாகக் கடலில் விழ வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கால்வாய் தண்ணீர் மேலே, கடல் கீழே. அதனால் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகவே ஓடும். கடல் மட்டம் ஏற ஏற என்ன ஆகும்? மதகைத் திறந்தாலும் தண்ணீர் இறங்காது. சில நேரம் திறந்தால் கடல்தான் உள்ளே வரும்!

இந்தக் கால்வாய்கள் எல்லைக் கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு நகரத்தில் பெய்த மழை இன்னொரு நகரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். மேல்பக்கத்து ஊர் வேகமாகத் தண்ணீரை வெளியேற்றினால் கீழ்ப்பக்கத்து ஊர் மூழ்கும்.

ஆக, ஒரு ஊர் மட்டும் தப்பிக்க வழி இல்லை.

வாஷிங்டனில் நடந்த கூத்து

2009ம் ஆண்டு வாக்கில் கவுண்டி பிரதிநிதிகள் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். கடல் உயர்கிறது, எங்களுக்கு நிதி வேண்டும், சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்டது எல்லாரும் ஒரே காரியம்தான். ஆனால் கையில் இருந்த கணக்கு வேறு வேறு!

கடல் எத்தனை அங்குலம் உயரும்? ஒருவர் ஒன்று சொன்னார். பக்கத்துக் கவுண்டிக்காரர் இன்னொன்று சொன்னார். புகை எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கும் ஆளுக்கு ஒரு விதம்.

பணம் வைத்திருப்பவர் என்ன நினைப்பார்? "முதல்ல நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

ஒருவரை ஒருவர் போட்டியாக நினைத்து வந்த கவுண்டிகள் அப்போதுதான் விழித்துக்கொண்டன.

ப்ரோவர்ட் கவுண்டி கமிஷனராக இருந்த கிறிஸ்டின் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் இதில் முன்னணியில் நின்றார். (பிற்பாடு மாநில சட்டசபை உறுப்பினர் ஆன இவர் 2020ல் காலமானார்.)

2009 அக்டோபர் 23ந் தேதி 4 கவுண்டித் தலைவர்களும் ஒரு மாநாட்டில் கூடினார்கள். கூட்டு ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். 2010 ஜனவரிக்குள் 4 கவுண்டி சபைகளும் அதற்குத் தனித்தனியே ஒப்புதல் கொடுத்தன.

இதற்காகப் புது இலாகா இல்லை. புது வரி இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை. 4 கவுண்டி அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஒன்றாகத் திட்டம் போட வேண்டும். வாஷிங்டனிலும் மாநிலத் தலைநகரிலும் ஒரே கோரிக்கையை வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

முதல் வேலை: ஒரே கணக்கு

கூடியவர்கள் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. கணக்கைப் பற்றிப் பேசினார்கள்.

விஞ்ஞானிகளை உட்கார வைத்து, கடல் உயர்வுக்கு 4 கவுண்டிக்கும் பொதுவான மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தார்கள். 2011ல் முதல் கணக்கு வந்தது. 2015லும் 2019லும் அதைத் திருத்தினார்கள்.

2019ம் ஆண்டுக் கணக்கு சொல்வது இது: 2000ம் ஆண்டில் இருந்த மட்டத்தைவிட 2040ம் ஆண்டுக்குள் கடல் 10 முதல் 17 அங்குலம் உயரலாம். 2070க்குள் 21 முதல் 54 அங்குலம் உயரலாம்.

54 அங்குலம் என்றால் நாலரை அடி!

இந்த ஒரு கணக்கால் என்ன லாபம்? நிறைய இருக்கிறது. பாலம் கட்டும் இன்ஜினீயர் எந்த உயரத்துக்குக் கட்டுவது என்று தடுமாற வேண்டாம். வடிகால் குழாய் போடும் நகரசபை பக்கத்து ஊருடன் மல்லுக்கட்ட வேண்டாம். நிதி கேட்டு மனு எழுதும் குமாஸ்தாகூட அதே எண்ணைத்தான் எழுதுவார்.

அடுத்து 2012ல் செயல் திட்டம் வந்தது. அதில் 110 சிபாரிசுகள். தண்ணீர், போக்குவரத்து, வீடு கட்டும் விதி, மின்சாரம், விவசாயம் என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு நகரசபையும் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளலாம்.

"இங்கே முதலில் பணம் போடு!"

கூட்டாகக் கேட்டதற்குச் சீக்கிரமே பலன் கிடைத்தது.

2011ல் புளோரிடா மாநிலச் சட்டத்தில் ஒரு புதிய ஷரத்து சேர்ந்தது. கடல் நீரால் ஆபத்து உள்ள தாழ்ந்த பகுதிகளை உள்ளூர் சபைகள் தனியாகக் குறித்து அறிவிக்கலாம். எதற்காக? ரோடு, வடிகால் போன்ற வேலைகளுக்கு நிதி ஒதுக்கும்போது அந்தப் பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுப்பதற்காக.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் நகரசபை நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முன்னுரிமைப் பட்டியல் கையில் இல்லாவிட்டால், செல்வாக்கு உள்ளவர் தெருவுக்குத்தான் முதலில் தார் வரும்.

ஷரத்து கட்டாயம் அல்ல. விருப்பம் உள்ள ஊர் எடுத்துக்கொள்ளலாம். போர்ட் லாடர்டேல் நகரம் முதலில் எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒன்று.

மாநிலத்தையே உடைக்கத் தீர்மானம்!

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

மாநிலத் தலைநகர் டல்லஹாசி வடக்குக் கோடியில் இருக்கிறது. கடல் ஏறும் தெற்கு வெகு தூரம். தெற்கத்தியர் கூச்சல் வடக்கே கேட்கவில்லை என்ற குமுறல் எப்போதும் உண்டு.

2014 அக்டோபரில் சவுத் மியாமி என்ற சின்ன நகரத்தின் சபை ஒரு தீர்மானம் போட்டது. கடல் உயர்வு விஷயத்தில் மாநிலம் அக்கறை காட்டவில்லை. ஆகவே புளோரிடாவை இரண்டாகப் பிரித்துத் தென் புளோரிடாவை அமெரிக்காவின் 51வது மாநிலமாக ஆக்கு! தீர்மானத்துக்கு ஆதரவு 3 ஓட்டு, எதிர்ப்பு 2 ஓட்டு.

மாநிலம் பிரியவில்லை. ஆனால் பரபரப்பு கிளம்பியது.

அடுத்த வருஷம் இன்னொரு பரபரப்பு. "பருவநிலை மாற்றம்" என்ற சொல்லையே உபயோகிக்கக் கூடாது என்று மாநிலச் சுற்றுச்சூழல் இலாகா ஊழியர்களுக்கு வாய்மொழி உத்தரவு போடப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அப்போது கவர்னராக இருந்த ரிக் ஸ்காட், அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று மறுத்தார்.

2024ல் மாநில சர்க்கார் ஒரு சட்டம் கொண்டு வந்தது. மாநிலச் சட்டங்களில் பருவநிலை மாற்றம் என்று குறிப்பிட்டிருந்த பெரும்பாலான இடங்களை அது நீக்கிவிட்டது. 2024 ஜூலை 1ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

சொல்லை எடுத்தாகிவிட்டது. தண்ணீரை எடுக்க முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளத் தடுப்புக்கு மாநிலம் பணம் தராமலும் இல்லை. 2021ல் கடல் உயர்வையும் வெள்ளத்தையும் சமாளிக்க ஒரு பெரிய நிதித் திட்டத்தைச் சட்டமாகவே கொண்டு வந்தார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, காசு வந்தால் சரி என்று உள்ளூர் சபைகள் மனு போட்டன.

பாதிப் பணம் நீ போடு!

அங்கேதான் ஒரு முடிச்சு.

2021ம் ஆண்டுத் திட்டப்படி வேலைக்கு ஆகும் செலவில் குறைந்தது பாதியை உள்ளூர்ப் பங்காகக் காட்ட வேண்டும். வசதி இல்லாத சின்ன ஊர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பணக்கார நகரம் பாதியை எடுத்து வைத்துவிடும். நடுத்தர நகரம்? விலக்கும் கிடைக்காது, கையில் பணமும் இருக்காது.

அப்படியானால் பாதிப் பணம் எங்கே இருந்து வரும்? ஜனங்களிடம் இருந்துதான்!

மியாமி பீச் நகரம் 2014ல் மழைநீர் வடிகால் கட்டணத்தை உயர்த்தியது. ஒரு வீட்டுக்கு மாதம் 9 டாலர் 67 சென்ட் ஆக இருந்தது 16 டாலர் 67 சென்ட் ஆனது. மாதம் 7 டாலர் கூடுதல். அதைக் காட்டிக் கடன் வாங்கி, பம்புகள் வைத்து, ரோடுகளை உயர்த்தினார்கள்.

பக்கத்தில் மியாமி நகரம் வேறு வழியில் போனது. 2017 நவம்பரில் ஓட்டுப் பெட்டியிலேயே கேட்டுவிட்டார்கள். 40 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா? சொத்து வரியில் இருந்து அதை அடைக்கச் சம்மதமா? ஜனங்கள் சம்மதம் என்றார்கள். அதில் 19 கோடியே 20 லட்சம் டாலர் கடல் உயர்வையும் வெள்ளத்தையும் சமாளிக்க.

வரி என்றால் கசக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டு வாசலில் உப்புத் தண்ணீரைப் பார்த்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

கடைக்காரர் பட்ட பாடு

ரோடு உயர்ந்தது. கடை உயரவில்லை!

மியாமி பீச்சில் ரோட்டை உயர்த்திய ஒரு பகுதியில், கடைகள் தெருவுக்குக் கீழே பள்ளத்தில் ஆகிவிட்டன. 2016ல் அங்கே ஒரு ஓட்டலுக்குள் மழைத் தண்ணீர் புகுந்தது. முதலாளி இன்சூரன்ஸ் பணம் கேட்டார்.

இன்சூரன்ஸ்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? உங்கள் கடை இப்போது தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, ஆகவே அது பாதாள அறைக் கணக்கு, பணம் கிடையாது!

ஓட்டல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ரோடுதான் மேலே போனது.

ரோட்டை உயர்த்த வேண்டாம் என்று சில வீட்டுக்காரர்களும் கொடி பிடித்தார்கள். ரோட்டுத் தண்ணீர் தங்கள் தோட்டத்தில் இறங்கும் என்பது அவர்கள் பயம். காப்பாற்றும் வேலையிலும் யாரோ ஒருவர் நஷ்டப்படுகிறார். அவருக்கு என்ன பதில் என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் நல்ல திட்டமும் சண்டையில்தான் முடியும்.

30 வீட்டுக்கு ஏழரைக் கோடி டாலர்?

முன்னுரிமை என்று சொல்வது சுலபம். யாருக்குக் "கிடையாது" என்று சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லும் துணிச்சல் மன்றோ கவுண்டிக்கு வந்தது.

2019 டிசம்பரில் 4 கவுண்டிகளும் கூடிய வருடாந்திர மாநாடு மன்றோவின் கீ வெஸ்ட் நகரில் நடந்தது. அங்கே மன்றோ அதிகாரிகள் ஒரு கணக்கை எடுத்து வைத்தார்கள்.

ஒரு தீவில் சுமார் 3 மைல் நீளமுள்ள ரோடு. அதை நம்பி இருப்பவை முப்பதுக்கும் குறைவான வீடுகள். 2025ம் ஆண்டு வரையில் தண்ணீர் ஏறாதபடி அதை உயர்த்த மட்டும் சுமார் ஏழரைக் கோடி டாலர் ஆகும் என்று மதிப்பீடு. அதற்குப் பிறகு கடல் இன்னும் ஏறினால் செலவும் ஏறும்.

இந்தப் பணத்தைப் போடுவது நியாயமா? அந்த வீட்டுக்காரர்களும் வரி கட்டுகிறவர்கள்தானே? பொதுப் பணம் எல்லா ரோட்டையும் காப்பாற்றப் போதாது என்று அதிகாரிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். கேட்டவர்கள் அதிர்ந்து போனார்கள்.

கசப்பான பேச்சுதான். ஆனால் ரகசியமாக முடிவு செய்வதைவிட, கணக்கை மேஜையில் போட்டுப் பேசியது மேல்.

ஒரு சுவர் தாழ்ந்தால் தெருவே மூழ்கும்

2020ல் ப்ரோவர்ட் கவுண்டி ஒரு விதி கொண்டு வந்தது. கடலோரம், கால்வாயோரம் உள்ள தடுப்புச் சுவர்களுக்கு ஒரே உயரம். கவுண்டிக்குள் உள்ள கரையோர நகரசபைகள் எல்லாம் இதே விதியைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

காரணம் எளிது. ஒரே தெருவில் 9 பேர் உயரமாகச் சுவர் கட்டி, 10வது ஆள் கட்டாவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் அந்த ஒரு வீட்டு வழியாக வந்து பத்து வீட்டையும் மூழ்கடிக்கும். புதிய விதிப்படி, ஒருவர் சுவரைத் தாண்டிக் கடல் நீர் பக்கத்து இடத்துக்குள் புகுந்தால் அந்தச் சுவரைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு அவருடையது.

சோதனை வந்தது

2023 ஏப்ரல் 12ந் தேதி. போர்ட் லாடர்டேல் நகரத்தில் பேய் மழை. ஒரே நாளில் சுமார் 26 அங்குலம். இரண்டு அடிக்கு மேல்!

விமான நிலையம் மூடப்பட்டது. ரோட்டில் கார்கள் மிதந்தன. நகரசபைக் கட்டிடத்தின் கீழ்த் தளத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. திட்டம் போட்ட ஆபீசே தண்ணீரில்! பிற்பாடு அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள்.

இத்தனை வருஷக் கூட்டு முயற்சிக்குப் பிறகும் இந்தக் கதியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 4 பேர் கூடிப் பேசுவதால் மழை நிற்காது. 1940களில் போட்ட திட்டத்தின் கால்வாய்களை மாற்ற பெரும் பணம் வேண்டும். அது மத்திய சர்க்காரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அந்தப் பக்கமும் நிச்சயம் இல்லை. ஆபத்து வருவதற்கு முன்பே தடுப்பு வேலைக்கு உள்ளூர் சபைகளுக்கு உதவி வந்த மத்திய நிதித் திட்டம் ஒன்றை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் வாஷிங்டன் அறிவித்தது. பல மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின.

கற்றது என்ன?

வாஷிங்டன் மாறும். டல்லஹாசி மாறும். கவர்னர் மாறுவார், சொல் மாறும், நிதித் திட்டத்தின் பெயரும் மாறும். இந்தக் கூட்டணி மட்டும் 2009ல் ஆரம்பித்து ஆட்சிகள் மாறியும் கலையாமல் வந்திருக்கிறது.

அதற்குக் காரணம், அதை எந்தக் கட்சியும் நடத்தவில்லை. கவுண்டிகளில் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒரு கணக்கை. கடல் எத்தனை அங்குலம் என்பதில் சண்டை இல்லை. சண்டை எல்லாம் யார் ரோடு முதலில், யார் பங்கு எவ்வளவு என்பதில்தான்.

அந்தச் சண்டை தேவையான சண்டை. அதைத் தனித்தனியாக நிதி கேட்கும் இடத்தில் போட்டால் எல்லாருக்கும் கை காலி. முதலில் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு, பிறகு ஒரே பட்டியலோடு போனால் கதவு கொஞ்சமாவது திறக்கும். இதைத் தெரிந்துகொள்ள அந்த 4 கவுண்டிகளுக்கும் தெருவில் கடல் தண்ணீர் வர வேண்டியிருந்தது.

ரோட்டை உயர்த்துவது நகரசபை, கால்வாய் மதகு வேறு இலாகா, சுவர் கட்டுவது வீட்டுக்காரர், பணம் எல்லாருடையது. பட்டியலில் அடுத்த தெரு எது என்று அங்கே ஒவ்வொரு வருஷமும் கூடிப் பேசுகிறார்கள்.